பிறை பார்க்கும் நாளில் கண்ட குதிரைத் தலை

ஆற்றைக் கடக்கும் கிட்டங்கித் தாம்போதியில் கால் வைத்தபோது பின்னால் ஊர்ப் பக்கமிருந்து பின்னேரத்து அசர் பாங்கு கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பியிருந்தால் தோளில் கிடந்த யூரியா பேக் சரிந்திருக்கும். அதற்குள் இரண்டு சாரத்தில் பிரேதம் போலச் சுற்றிய தொலைநோக்கி இருந்தது. மற்றத் தோளில் அதன் முக்காலி. முதுகில் தங்கச்சி மகளின் பழைய புத்தகப் பை, ரோசா நிறம், மேலே ஒரு பூனைப் படம். கமராவும் மடிக்கணினியும் வயர்களும் ஒரு மோட்டார் சைக்கிள் பெற்றரியும் அதில் இருந்தன. பெற்றரியின் மூலை முள்ளந்தண்டில் குத்திக்கொண்டே வந்தது.

மாரியில் இந்தத் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாயும், தோணியில்தான் கடக்க வேண்டியிருக்கும். இப்போது தண்ணீர் வற்றி இரண்டு பக்கமும் ஆற்றுவாழை மண்டிக் கிடந்தது. நடுவழியில் ஒரு ஓட்டோ பக்கத்தில் வந்து மெதுவாகியது. ஓட்டுபவன் காக்கா என்று கூப்பிட்டான், எங்கள் பக்கம் அண்ணன் என்பது அப்படித்தான்.

"என்ன காக்கா, மய்யித்தா தூக்கிக்கிட்டுப் போறீங்க?"

"இல்ல. குழாய்."

"கிணத்துக் குழாயா?"

"ஓம்."

"கிணறு தோண்டுறண்டா என்ட மச்சான்ட மெஷின் இரிக்கி. நம்பர் தரட்டா?" என்று சொன்னவன் என் முகத்தை நன்றாகப் பார்த்தான். "நில்லுங்க, நீங்கதானே நேத்துப் பிறை கண்ட ஆள்?"

நான் நடையைக் கூட்டினேன். அவன் கொஞ்சத் தூரம் கூடவே வந்தான். "ஏறுங்க காக்கா, சும்மா கொண்டு உடுறன். வழியில ஒரு பெருநாள் பிறையும் கண்டு தாங்க." சிரித்துக்கொண்டே போய்விட்டான். நான் ஆற்றைக் கடப்பதற்குள் என் செய்தி கடந்துவிட்டிருந்தது.

நான் கண்டது பிறை அல்ல. ஒரு குதிரையின் தலை.

மாரி கழிந்த மாதங்களில் பொழுது பட்டு மஃரிபுக்குப் பிறகு உச்சிக்குக் கிட்ட மூன்று நட்சத்திரங்கள் ஒரே வரிசையில் நிற்கும். எல்லோரும் பார்த்திருப்பார்கள். அதில் கிழக்கே நிற்கும் நட்சத்திரத்துக்குச் சற்றுத் தெற்கே, கண்ணுக்குத் தெரியாத ஒரு சிவப்பு முகில் இருக்கிறது. நெபுலா என்பார்கள். அந்தச் சிவப்புக்கு முன்னால் கரிய தூசி முகில் ஒன்று, குதிரை கழுத்தை நீட்டி நிற்கிற மாதிரி. கமராவை ஒரு நிமிடம் திறந்து வைத்து ஒரு படம், இன்னொரு நிமிடம் இன்னொரு படம் என்று இரவு இரவாக எடுத்து, எல்லாவற்றையும் மடிக்கணினியில் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்த்தால் அது மெல்ல வெளியே வரும். இருட்டு வேண்டும். நிலவு இருக்கக்கூடாது. பங்குனி முடிந்தால் அந்த நட்சத்திரங்கள் பொழுது படும்போதே மேற்கே சாயத் தொடங்கிவிடும். அதன்பிறகு அடுத்த மாரி முடியும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு வருடம் கழித்து நான் எங்கே இருப்பேன் என்பது எனக்கு எப்போதுமே தெரிந்ததில்லை. அதனால் இந்த வருடமே எடுத்துவிட வேண்டும் என்று இருந்தேன்.

எட்டாம் வகுப்பில் படிக்கும்போது சுனாமியில் கடல் ஊருக்குள் வந்தது. பள்ளிக்கூடத்தைத் திரும்பக் கட்டி முடித்தபோது நான் அக்கரைப்பற்றில் ஒரு பேக்கரியில் மா குழைத்துக்கொண்டிருந்தேன். பிறகு பாலமுனையில் வள்ளம், கொழும்பில் துணிக்கடை. எங்கேயும் இரண்டு வருடம் தாண்டியதில்லை. வெளிநாட்டில் மட்டும் மூன்று வருடம் இருந்தேன், கடவுச்சீட்டு முதலாளியின் அலுமாரியில் இருந்தபடியால். அங்கே நான் வீட்டுச் சாரதி. முதலாளியின் மகன் ஆசைக்கு வாங்கி, அலுத்துப்போய், முற்றத்து மணலில் போட்டுவிட்ட தொலைநோக்கியைத் துடைத்து வைத்தவன் நான். விசா முடிந்து வரும்போது எடுத்துக்கொண்டு போ என்றார்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்த அதிகாரி முதலில் ஓரடி பின்னுக்குப் போனார். குழாயின் இரண்டு பக்கமும் கண் வைத்துப் பார்த்த பிறகுதான் விட்டார்.

ஊருக்கு வந்து கல்முனையில் ஒரு போன் திருத்தும் கடையில் நின்றேன். கமராவுக்குள் ஒரு சின்னக் கண்ணாடி இருக்கிறது, நெபுலாவின் சிவப்பை அது உள்ளே விடாது. கடைக்காரர் அதைக் கழற்றித் தந்தார். அதன்பிறகு அந்தக் கமராவில் எடுத்த மனிதர்கள் எல்லோரும் காய்ச்சல்காரர் போலச் சிவந்து தெரிந்தார்கள். தங்கச்சி மகளின் பிறந்தநாளுக்கு நான் எடுத்த படங்கள் இன்னும் வீட்டில் பகிடி.

வீடு என்கிறேன். அது தங்கச்சியின் வீடு. எங்கள் கரையில் வீடு பெண்ணுக்குத்தான். வாப்பா கட்டினார், கல்யாணத்தோடு அது அவளுக்குப் போனது. கல்யாணம் முடித்த ஆண் பெண்சாதியின் வீட்டுக்குப் போய்விடுவான். முடிக்காத ஆண் எங்கே போவது என்பதற்கு ஒழுங்கு ஒன்றும் இல்லை. தங்கச்சி பின் அறையைத் தந்தாள், மேலே கொங்கிறீட் தட்டையும் தந்தாள்.

"முகில் இல்லாத நாளாப் பாத்து முகிலைப் படம் புடிக்கிற ஒரே ஆள் எங்கட காக்காதான்" என்று பக்கத்து வீட்டுப் பெண்களிடம் சொல்வாள்.

தெரு விளக்கு தட்டுக்கு நேரே அடித்ததால் ஒரு பழைய கதவை மறைப்பாக நிறுத்தி வைத்தேன். தொலைநோக்கியின் மோட்டார் நட்சத்திரங்களோடு சேர்ந்து ஊர்ந்து திரும்பும். எனக்குத்தான் கஷ்டம். எனக்கு ஓரிடத்தில் இருக்க வராது. தட்டில் நடந்தால் தட்டு அதிரும், நட்சத்திரம் கோடாகிவிடும். அதனால் படிக்கட்டில் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு குந்தியிருப்பேன். பேக்கரியிலும் கடலிலும் கடையிலும் யாரும் என்னை அப்படி உட்கார வைத்ததில்லை.

நோன்புக்கு முந்திய ஷஃபான் மாதம் இருபத்தொன்பது வந்தது. மறுநாள் நோன்பா இல்லையா என்று அன்று மஃரிபுக்குப் பிறை பார்க்க வேண்டும். தங்கச்சியின் மாப்பிள்ளை பள்ளிவாசலில் மரைக்கார். எங்கள் பள்ளி நிர்வாகத்தில் ஒவ்வொரு தாய்வழிக் குடிக்கும் ஒரு மரைக்கார் உண்டு, அவருடைய குடிக்கு அவர். அன்று பின்னேரம் தட்டுக்கு ஏறி வந்தார். அதற்கு முன் அவர் ஏறியதே இல்லை.

"மச்சான், ஒங்கட குழாயை இண்டைக்கு மேற்கால திருப்புங்க. ஊருக்கும் ஒரு பிரயோசனமாப் போகட்டும்."

"மேற்கால கரையோட முகில் கிடக்கு மச்சான். கஷ்டம்."

"பாருங்க. கண்டா ஒரு சத்தம் போடுங்க. நான் பள்ளிலதான் நிப்பன்."

திருப்பினேன். வயல் பக்கம் சாம்பல் முகில் ஒரு சுவர் போல நின்றது. பொழுது பட்டது. சுற்று வட்டாரத்துத் தட்டுகள் எல்லாவற்றிலும் ஆட்கள் மேற்கே பார்த்து நின்றார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் குழாயை உச்சிக்குத் திருப்பிவிட்டேன். மடிக்கணினி அன்று பகல் முழுக்க நான்கு இரவின் படங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தது. அது இன்னும் முடியவில்லை. படிக்கட்டில் குந்திக்கொண்டு, எவ்வளவு முடிந்தது என்று காட்டும் கோடு திரையில் ஊர்ந்து முடிவதைப் பார்த்திருந்தேன்.

முடிந்தது. திரையில் மங்கலாக ஒரு சிவப்புப் பட்டை. கையால் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு கிட்டே குனிந்தேன். பட்டையின் நடுவே சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்பு. நெற்றி, மூக்கு, கழுத்து.

"கண்டுட்டன்!" என்று கத்தினேன். "கண்டுட்டன்! கண்டுட்டன்!"

கீழே தெருவில் யாரோ அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொன்னார். ஒரு மோட்டார் சைக்கிள் பள்ளிப் பக்கம் பறந்தது. பட்டாசு வெடித்தது. எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை, குதிரையின் காதைத் தேடிக்கொண்டிருந்தேன். திடீரென்று தட்டு முழுக்கப் பச்சையும் சிவப்பும் அடித்தது. நோன்பு மாதத்துக்கென்று பள்ளி மினாராவில் கட்டிவைத்திருந்த பல்ப் மாலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் எரிந்தன.

"எவன்டா அந்த லைட்டைப் போட்டது!" என்று கீழே பார்த்துக் கத்தினேன்.

"நோன்பு காக்கா, நோன்பு! நீங்கதானே கண்டீங்க!" என்றது தெரு.

படிகளில் இறங்கியபோது ஒரு செருப்பு கழன்று போனது. பள்ளிக்கு ஓடினேன். வழியிலேயே ஒலிபெருக்கி பிறை கண்ட செய்தியைச் சொல்லி முடித்திருந்தது. எனக்கு இரண்டாவது சாட்சியாக அடுத்த தெருப் பெரியவர் ஒருவர் வந்து தானும் அதே நேரம் கண்டதாகச் சொல்லியிருந்தார். அவர் எதைக் கண்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உள்ளே இஷாத் தொழுகைக்கு வரிசை கட்டிவிட்டார்கள். முடிந்ததும் உள்ளே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நான் வாசலில் செருப்புகளுக்கு நடுவே ஒற்றைச் செருப்போடு நின்றேன். அவர்கள் நோன்பு மாதத்துத் தராவீஹ் தொழுகையையும் தொடங்கினார்கள். அதற்கும் நின்றேன்.

நாலாவது ரக்அத் முடியும்போது கொழும்பிலிருந்து அறிவித்தல் வந்தது. நாட்டில் எங்கும் பிறை தென்படவில்லை, நாளை ஷஃபான் முப்பது, நோன்பு இல்லை. அதே ஒலிபெருக்கியில் அதையும் சொன்னார்கள். மினாரா விளக்கை அணைத்தார்கள்.

நல்ல இருட்டு. நான் வீட்டுக்குப் போய்த் தட்டில் ஏறி இரண்டு மணித்தியாலம் படம் எடுத்தேன். இதையும் சொல்லாமல் விடக்கூடாது. ஏனென்றால் மச்சான் பள்ளியில் எல்லோருடைய கதையையும் கேட்டுவிட்டு வந்து, படிக்கட்டில் குந்தியிருந்த என்னைத்தான் பார்த்தார். வந்த படியிலேயே திரும்பி இறங்கிப் போனார்.

காலையில் அவர் பேசியது அமைதியாகத்தான். "பகல் லுஹருக்குப் பொறகு ஒங்களக் கேப்பாங்க. முகில்ல ஒரு கீற்றுத் தெரிஞ்சிச்சி, பிறை எண்டு நெனச்சிட்டன் எண்டு சொல்லுங்க. மனுசன் பிழை உடுறதுதானே. அதோட முடிஞ்சிரும். குழாயும் இஞ்சயே இரிக்கட்டும், நீங்களும் இரிங்க."

ஓம் என்றேன். அப்படியே சொல்லத்தான் போனேன்.

பள்ளியில் தொழுகை நடத்தும் ஹஸ்ரத் எனக்கு எதிரே இருந்தார், சுற்றிவர மரைக்கார்மார். கோபப்பட்டுக் கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் அக்கறையாகக் கேட்டார். "நீங்க கண்டது எந்தப் பக்கம்? கொம்பு ரெண்டும் எந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருந்திச்சி?"

கொம்பு. இல்லாத பிறைக்குக் கொம்பு வைக்க எனக்கு வாய் வரவில்லை.

"நான் பிறை காணல்ல ஹஸ்ரத். மச்சான் சத்தம் போடச் சொன்னதை மறந்திட்டன். நான் கண்டது குதிரைத் தலை."

ஒருவர், "குதிரை எங்க நிண்டது, வயலுக்குள்ளயா?" என்றார். இன்னொருவர், "தலை மட்டுமா வாப்போ? மத்த மிச்சம்?" என்றார். பள்ளி என்றும் பாராமல் சிரித்துவிட்டார்கள். ஹஸ்ரத் குனிந்து தாடியைத் தடவினார், அவரும் சிரித்தாரோ தெரியாது. மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. எதைக் கண்டாய் என்று ஒரு வார்த்தை கேட்காமல் ஊருக்கு நோன்பு சொன்ன மரைக்கார் அவர் என்று எல்லோருக்கும் தெரிந்து போயிற்று.

வீட்டு வாசலில் வைத்துச் சொன்னார், "குழாய் இனி இந்தத் தட்டுல ஏறப்படாது. வித்துப் போடுங்க, இல்லாட்டி எங்கயாச்சும் கொண்டு போங்க."

அன்றிரவிலிருந்து மினாரா விளக்குகள் மாதம் முழுக்க எரியும். தட்டு எனக்குப் பிரயோசனம் இல்லாத இடமாகத்தான் ஆகியிருக்கும். அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. நான் சாரங்களை எடுத்துக் குழாயைச் சுற்றத் தொடங்கினேன்.

தங்கச்சி குசினியிலிருந்து சோற்றுப் பார்சலோடு வந்தாள். "எங்க ஒண்ட குதிரை? காட்டு பாப்பம்."

காட்டினேன். தலையைச் சரித்துச் சரித்துப் பார்த்தாள்.

"இது தரையில ஓடுற குதிரை இல்ல காக்கா. கடல் குதிரை. வாலைச் சுருட்டிக்கிட்டு நிக்கி பாரு."

எனக்கும் அதன்பிறகு அப்படித்தான் தெரிகிறது.

"நான் போகட்டா?" என்றேன்.

"ஊடு என்டதான். ஆனா நான் இரிக்கிறது அவரோட." சாரத்தின் நுனியைப் பிடித்து முடிச்சுப் போட்டுத் தந்தாள். "விடியுமுன்ன ஸஹருக்குத் தின்னு. சோத்துக்கு அடியில முட்ட வெச்சிரிக்கன்."

அதனால்தான் அசர் நேரத்தில் கிட்டங்கித் தாம்போதியில் நின்றேன். எங்கே போகிறேன் என்று தெரியாது, எங்கே விளக்கு இல்லையோ அங்கே போகிறேன் என்று மட்டும் தெரியும். பகலில் அதைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நாவிதன்வெளிப் பக்கம் நடந்தேன். பெரும்போக அறுவடை முடிந்த வயல்களில் வைக்கோல் சிதறிக் கிடந்தது. ஒரு சிறிய பள்ளியில் மஃரிப் தொழுதேன். அங்கே யாருக்கும் என்னைத் தெரியவில்லை, அது ஆறுதலாக இருந்தது. வெளியே வந்து இருட்டாகத் தெரிந்த வாய்க்கால் வரம்பில் ஏறி நடந்துகொண்டே இருந்தேன்.

வயலின் கோடியில் ஒரு வாடி. கிடுகு வேய்ந்த காவல் குடில். பக்கத்தில் நெல் மூட்டைகளை அடுக்கிப் படங்கு போட்டு மூடியிருந்தது. கம்பத்திலிருந்து வயர் இழுத்து ஒரே ஒரு பல்ப் எரிந்தது. கூப்பிட்டுப் பார்த்தேன். ஆள் இல்லை. சுற்றிவர மூன்று பக்கமும் ஒரு வெளிச்சம்கூட இல்லை, நாலாவது பக்கம் காடு. அந்த ஒரு பல்ப் மட்டும்தான்.

சாரத்தால் பிடித்து அதைக் கழற்றினேன்.

நட்சத்திரங்கள் இறங்கி வந்த மாதிரி இருந்தது. முக்காலியை நட்டு, குழாயை ஏற்றி, முதல் படத்தை எடுத்தேன். ஒரே படம், ஒரே நிமிடம். சேர்க்காமலேயே சிவப்பில் அந்தக் கறுப்பு தெரிந்தது. இங்கே பத்து இரவு கிடைத்தால் போதும், வளரும் நிலவு வந்து கெடுப்பதற்குள் எத்தனை கிடைக்குமோ அத்தனை. அந்த நட்சத்திரங்கள் மேற்கே இறங்கும்வரை எடுத்தேன். ஒருமுறை பின்னால் வைக்கோல் சரசரத்தது. மாடு என்று நினைத்தேன். நடந்தால் படம் கெடும் என்று அசையாமல் இருந்தேன். ஸஹருக்குச் சோற்றையும் முட்டையையும் தின்று, நோன்புக்கு நிய்யத் வைத்து, வாடிக்குள் சரிந்தேன்.

மோட்டார் சைக்கிள் சத்தத்தில்தான் எழும்பினேன். வயல்காரப் போடியார் நின்றார். அறுபது வயதிருக்கும், நெற்றியில் திருநீறு, கையில் சாவிக் கொத்து.

"ஆர் நீ? எவடம்?"

"கல்முனைப் பக்கம் ஐயா. ராவைக்குத் தங்க இடமில்ல."

"காவல்காரன் காய்ச்சலெண்டு போயிட்டான் எண்டு காலையிலதான் போன் வருது. பல்பை ஆர் அணைச்சது?"

"நான்தான்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இஞ்ச வா" என்று முன்னால் நடந்தார். படங்கின் ஓரம் கிழிந்து ஒரு மூட்டை வாய் பிளந்து கிடந்தது. நெல் சிந்தி மண்ணில் மிதிபட்டிருந்தது. என் முக்காலியிலிருந்து இருபது அடி தூரத்தில் யானை லத்தி, இன்னும் ஈரமாக.

"ஆனை உனக்குப் பின்னாலதான் நிண்டிருக்கு. வெளிச்சம் இல்லாத இடம் பாத்துத்தான் வரும். நீ ஆனைக்கு லைட்டை அணைச்சுக் குடுத்திருக்காய்." பிறகு தொலைநோக்கியைச் சாவிக் கொத்தால் சுட்டினார். "இது என்ன?"

சொன்னேன். கேட்டு முடித்ததும் அவருடைய வாயோரம் அசைந்தது. "பிறை கண்டவன் நீதானா? முந்தநாள் பின்னேரம் எங்கட பக்கத்துக்கும் வெடி கேட்டது, தம்பி."

நான் கமராவைப் புத்தகப் பைக்குள் வைக்கத் தொடங்கினேன்.

"பொறு. காவலுக்கு ஆள் வேணும். உங்கட ஆக்களுக்கு இண்டைக்கு நோன்பு, ஒருத்தனும் வாறானில்ல. நீ நிப்பியா?"

"நிப்பன். ஆனா ராவைக்கு இருட்டு வேணும்."

"எனக்கு வெளிச்சம் வேணும்."

"ஐயா, காட்டுப் பக்கமும் மூட்டைப் பக்கமும் வெளிச்சம் விழுந்தாப் போதும்தானே? பல்புக்குப் பின்னால ஒரு தகரம் வெச்சா நான் வாடிக்கு அங்கால நிப்பன்."

"ஆனை எந்தப் பக்கத்தால வரும் எண்டு உனக்குக் கடிதம் போடுமா?"

"லத்தி காட்டுப் பக்கம்தான் கிடக்கு."

அவர் லத்தியைப் பார்த்தார். காட்டைப் பார்த்தார். "நோன்பெண்டா உனக்குப் பகல் தேத்தண்ணியும் தேவையில்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "சரி. மூண்டு ராவைக்குப் பாப்பம். இன்னொரு மூட்டை கிழிஞ்சிதெண்டா நீயும் குழாயும் கிளம்புங்க."

வாடிக்குள் கிடந்த எண்ணெய்த் தகரத்தை அவருடைய கத்தியால் வெட்டி விரித்தேன். பல்பைத் திரும்பப் பூட்டி, அதன் முதுகில் தகரத்தைக் கம்பியால் கட்டினேன். பகலில் அது எவ்வளவு மறைக்கும் என்று தெரியவில்லை. போடியார் இரவைக்கு வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டு, சாக்கு ஊசியையும் சணல் கட்டையும் மூட்டைமேல் போட்டுவிட்டுப் போனார். நான் சிந்திய நெல்லை மண்ணிலிருந்து கூட்டி அள்ளிப் போட்டு, அந்த மூட்டையின் வாயைத் தைக்கத் தொடங்கினேன்.